பள்ளிச் செய்தி ஒளிபரப்பு: ஒலிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒரு சிறிய செய்தித் தொகுப்பு தயாரிக்கிறார்கள். ஹைடெக் லேப் கணினியில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற வீடியோ பதிவு, ஒளிபரப்பு மென்பொருளைப் போட்டு, இரண்டு செல்போன்களைக் கேமராவாக இணைத்திருக்கிறோம். மென்பொருள் இலவசம் என்பது பெரிய நிம்மதி.

படம் ஓரளவு கைவந்துவிட்டது. டியூப் லைட் வெளிச்சத்தில் திரையில் பட்டை பட்டையாக ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்கச் சொன்னார் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர். வைத்ததும் நின்றுவிட்டது. இயற்பியல் பாடத்தில் படித்த மாறுதிசை மின்னோட்டம் இதுதானா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இந்த முயற்சியை விடக் கூடாது என்று அப்போதுதான் உறுதியானது.

பாடாய்ப் படுத்துவது ஒலி. ஃபேன் சத்தமும் பக்கத்து வகுப்பின் இரைச்சலும் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலை விழுங்கிவிடுகின்றன. ஃபேனை நிறுத்தினால் வியர்த்துக் கொட்டுகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து பேச என்ன காலர் மைக் வாங்கலாம்? வயர் உள்ளதே போதுமா? அப்புறம், குரல் முந்துகிறது, உதடு பிந்துகிறது. ஓபிஎஸ்ஸில் ஒலியைத் தாமதப்படுத்தலாம். சரியான மில்லிசெகண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவோ படத்தொகுப்போ படித்தவர்கள் யாராவது ஒரு சனிக்கிழமை ஆன்லைனில் பிள்ளைகளிடம் பேச முடியுமா? பிளஸ் டூ முடித்து அங்கே சேர என்ன தயாரிப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.