எடைமேடைக் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி: விஷுவல் ஸ்டூடியோ 2010-ஐ விட்டு மாறலாமா?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):
வணக்கம். பல வருடமாகத் தனியாளாக பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன், எல்லாமே விஷுவல் ஸ்டூடியோ 2010 (மென்பொருள் எழுதும் கருவி), டாட்நெட் 4.0 (அந்த மென்பொருள் ஓட கம்ப்யூட்டரில் இருக்க வேண்டிய மைக்ரோசாஃப்ட் தளம்). புளி மண்டிகள், பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறை, ஒரு மாங்கூழ் ஆலை. ஆலையின் எடைமேடையில் இருப்பது எக்ஸ்பி. பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறி, சீரியல் போர்ட் வழியாக வரும் எண் ஆடி அடங்கியதும் பையன் என்டர் தட்டுவான், டாட் மேட்ரிக்ஸில் சீட்டு வரும், கிழித்து ஓட்டுநர் கையில் கொடுப்பான். இதுவரை ஒரு நாளும் நின்றதில்லை. அதைத் தொட எனக்கும் மனமில்லை, முதலாளியும் விடமாட்டார்.

ஆனால் 2023 ஆகஸ்ட் 1 முதல் விற்றுமுதல் 5 கோடி தாண்டினாலே இ-இன்வாய்ஸ் (பில்லை இணையம் வழியாக அரசுத் தளத்தில் பதிவது) கட்டாயம் என்று ஆனதால் அதே முதலாளி அதையும் கேட்கிறார். எக்ஸ்பியில் அந்தத் தளத்தோடு பேசத் தேவையான பாதுகாப்பு முறையான டிஎல்எஸ் 1.2 கிடையாது, டாட்நெட் 4.0-இலும் சுற்றிவளைத்துத்தான் செய்ய வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ 2022-க்கு மாறினால் பழைய ஆட்களைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமா? மாறாமல் இருந்தால் பழையது, புதியது என்று இரண்டு கோடிங்கை வைத்துக்கொண்டு நான் ஒருவனே எத்தனை நாள் ஓட்டுவது? மே பிறந்தால் சீசன், அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

தகடூரான் (தருமபுரி):
அண்ணா, ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய ப்ராஜெக்டை 2022-இல் திறந்தால், டாட்நெட் 4.0-க்கு ஆதரவு இல்லை, 4.8-க்கு மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி வரும். நான் யோசிக்காமல் சரி என்று தட்டிவிட்டேன். என் மெஷினில் அருமையாக ஓடியது, அதையே பாலக்கோடு தக்காளி மண்டி ஒன்றில் போட்டுவிட்டு வந்தேன். அங்கே விண்டோஸ் 7, 4.8 போடவே இல்லை. விடிவதற்குள் போன். கூடைகள் இறங்கி ஏலம் தொடங்கிவிட்டது, பில் திரையே திறக்கவில்லை, கடைசியில் நோட்டில் எழுதித்தான் அன்றைய வியாபாரம் ஓடியது. விண்டோஸ் 7-இல் எஸ்பி1 என்ற அப்டேட் இருந்தால் 4.8 ஏறும், முன்னாடியே போட்டிருக்கலாம். எக்ஸ்பியில் அதுவும் முடியாது, 4.0-தான் அதற்குக் கடைசி.

ஓசூர் டெவலப்பர்:
சார், எடைமேடையில் வருவது மாங்காய் கொள்முதல் சீட்டு. அதற்கும் இ-இன்வாய்ஸுக்கும் சம்பந்தமே இல்லையே! கூழ் விற்கும்போது ஆபீஸில் போடும் பில்லுக்குத்தான் அது வேண்டும், ஆபீஸ் மெஷின் எக்ஸ்பியாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்பியை அப்படியே விடுங்கள். 2014 ஏப்ரலோடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டது என்பதால் இன்டர்நெட் கேபிளை மட்டும் கழற்றிவிடுங்கள், ஹார்ட் டிஸ்கை குளோன் எடுத்து ஒன்று பீரோவில் இருக்கட்டும்.

இரண்டு கோடிங் என்ற கவலைக்கு வழி உண்டு. கணக்குப் போடும் பகுதி எல்லாவற்றையும் 4.0-க்கான ஒரே டிஎல்எல்லில் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபைல்) வையுங்கள். 4.8-இல் எழுதும் புது எக்ஸி (நேரடியாக ஓடும் மென்பொருள் ஃபைல்) அதை அப்படியே எடுத்துக்கொள்ளும், எடைமேடை எக்ஸியும் அதையே பயன்படுத்தும். விலைக் கணக்கில் திருத்தம் வந்தால் ஒரே இடத்தில் செய்தால் போதும். 2022-க்குத் தாவ வேண்டாம், விஷுவல் ஸ்டூடியோ 2019 போடுங்கள், 4.0-க்கு எழுத உதவும் டார்கெட்டிங் பேக்கையும் 4.8-ஐயும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். 2029 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 2010-ஐ அழிக்காதீர்கள், இரண்டும் ஒரே மெஷினில் இருக்கும்.

மாந்தோப்பு:
கொள்முதல் சீட்டு வேறு, விற்பனை பில் வேறு என்பது என் புத்தியில் ஏறவே இல்லை சார், ரொம்ப நன்றி. இன்ஸ்டாலர் தயாரிக்கும் என் பழைய செட்டப் ப்ராஜெக்ட் 2019-இல் திறக்குமா?

ஓசூர் டெவலப்பர்:
நேரடியாகத் திறக்காது. 2012-இல் அதைத் தூக்கிவிட்டார்கள், அப்புறம் தனி எக்ஸ்டென்ஷனாகக் கொடுத்தார்கள், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தகடூரான்:
எதை மாற்றினாலும் முதலில் ஒரு புளி மண்டியில் போட்டு ஒரு வாரம் பாருங்கள் அண்ணா. பழைய எக்ஸியும் அதே ஃபோல்டரில் வேறு பெயரில் இருக்கட்டும்.

மாந்தோப்பு:
சரி தம்பி. ஆபீஸ் பில்லை 2019-இல் இந்த வாரமே தொடங்குகிறேன். எடைமேடை மாங்காய் வரத்து முடியும் வரை அப்படியே இருக்கட்டும்.