பச்சைத் தண்ணீருக்கே 45 டிகிரி காட்டும் வாட்டர் ஹீட்டர்: சென்சாரா, போர்டா?

கேள்வி

25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர், 2000 வாட், முகப்பில் டிஜிட்டல் டிஸ்ப்ளே. 60 டிகிரி வைத்தால் 20 நிமிடத்திலேயே 60 காட்டி கட் ஆகிவிடுகிறது. உடனே குழாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 50தான். பிறகு ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த வெந்நீர் எல்லாம் போய் 27 டிகிரி பச்சைத் தண்ணீர் வரும்வரை குழாயைத் திறந்துவிட்டேன். அப்போதும் டிஸ்ப்ளேயில் 45. எரர் கோடு எதுவும் வரவில்லை. சென்சாரை மட்டும் மாற்றினால் போதுமா, போர்டையும் மாற்ற வேண்டுமா? மல்டிமீட்டர் கையில் இருக்கிறது.

பதில் 1

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

2000 வாட் எலிமென்ட் 25 லிட்டர் தண்ணீரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.15 டிகிரி ஏற்றும். 20 நிமிடத்தில் 23 டிகிரி. 27-லிருந்து கிளம்பினால் சரியாக 50. ஆக உங்கள் தெர்மாமீட்டர் சரி, எலிமென்ட்டும் முழு பலத்தோடு வேலை செய்கிறது. டிஸ்ப்ளே காட்டுவதுதான் பொய்.

அடுத்தது, பிழையின் போக்கு. 27-ல் 18 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, 50-ல் 10 டிகிரிதான் கூடுதல். சூடு ஏற ஏறப் பிழை குறைகிறது. இது ஈரத்தின் அடையாளம்.

காரணம் இதுதான். இந்த ஹீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும். பரவலாகக் கிடைக்கும் 10 கிலோ ஓம், 3950 பீட்டா (சூட்டுக்கு ஏற்பத் தடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்) வகைக்கு அளவுகள்:

25 டிகிரி – 10 கிலோ ஓம்
30 – 8.0
40 – 5.3
50 – 3.6
60 – 2.5

சென்சாரின் உறைக்குள்ளோ கனெக்டரிலோ ஈரம் இறங்கினால் இரண்டு ஒயருக்கும் நடுவே மின்சாரம் கசிய இன்னொரு வழி கிடைத்துவிடும். தெர்மிஸ்டருக்குப் பக்கத்திலேயே இணையாக ஒரு ரெசிஸ்டர் வைத்த மாதிரி. மொத்த மின்தடை இறங்கும், போர்டு ‘தண்ணீர் சூடாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது தெர்மிஸ்டரின் தடை பெரிது என்பதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியும். சூடானதும் தெர்மிஸ்டரின் தடையே சிறியதாகிவிடுவதால் கசிவின் பங்கு குறையும். உங்கள் இரண்டு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டுக்குமே 8 கிலோ ஓம் அளவிலான கசிவு பொருந்தி வருகிறது.

கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தால் கதை நேர் எதிர். அங்கே தடை தொடராகச் சேரும், டிஸ்ப்ளே குறைவாகக் காட்டும், பிழை சூட்டில்தான் பெரிதாகும். 500 ஓம் சேர்ந்தாலே போதும், 60 வைத்த தண்ணீர் 66 வரை போய்விடும்.

ஈரம் சென்சாரில் இருக்கிறதா, போர்டில் கனெக்டரின் காலடியில் இருக்கிறதா என்பதை மட்டும் இனிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரேக்கரை இறக்குங்கள். மூடியைக் கழற்றியதும் எலிமென்ட் முனைகள் இரண்டிலும் எர்த்தோடு வைத்து வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்ச் சில சமயம் நியூட்ரலை மட்டுமே துண்டிக்கும்படி மாற்றி இணைத்திருப்பார்கள், அதனால் சுவிட்சை நம்ப வேண்டாம். போர்டுக்குப் போகும் மெல்லிய இரட்டை ஒயர்தான் சென்சார். கனெக்டரைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மீட்டரை 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து அளங்கள். தண்ணீர் 27 டிகிரி என்றால் 9.2 வர வேண்டும். 4.3 பக்கம் வந்தால் கோளாறு சென்சாரில். 9.2 வந்தால் போர்டில். அளக்கும்போதே ஒயரை அங்கங்கே லேசாக வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே ஒயரே நைந்திருக்கிறது.

பதில் 2

போர்டைச் சோதிக்க இன்னொரு வழி. சென்சாருக்குப் பதிலாக கனெக்டரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி ஆன் செய்யுங்கள். டிஸ்ப்ளே 43 காட்டி அசையாமல் நின்றால் போர்டு நன்றாக இருக்கிறது. 10 கிலோ ஓமுக்கு 25 காட்ட வேண்டும். எண் தத்தளித்தால் போர்டில் ஈரமோ விட்டுப்போன சால்டரிங்கோ இருக்கும்.

பதில் 3

மேலே சொன்ன சோதனை நல்லதுதான், ஆனால் எலிமென்ட் ஒயர்களைக் கழற்றி முனைகளை இன்சுலேட் செய்யாமல் அதைச் செய்யவே கூடாது. ரெசிஸ்டர் எப்போதும் 43 என்றுதான் சொல்லும். 60 வைத்திருந்தால் போர்டு நிறுத்தாமல் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதன்பின் நம்மைக் காப்பது, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் பிரஷர் வால்வும் மட்டுமே. இதே காரணத்தால், கட்-அவுட்டின் ரீசெட் பட்டன் ஒருமுறை விழுந்திருந்தால் காரணம் தெரியாமல் அதை அழுத்தாதீர்கள். அதை பைபாஸ் செய்யச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். பச்சைத் தண்ணீர் இருந்தபோது காட்டிய 45, ஹீட்டிங் ஓடாதபோதும் அப்படியேதான் நின்றதா? ரிலே ஆன் ஆகும்போது மட்டும் எண் துள்ளினால், எலிமென்ட்டிலிருந்து தண்ணீருக்குக் கசிவு இருக்கலாம். அதை 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்துத்தான் பார்க்க வேண்டும், சாதாரண மல்டிமீட்டரில் பெரும்பாலும் பிடிபடாது.

கேட்டவர்

ஹீட்டிங் ஓடாதபோதும் 45-தான், துள்ளல் இல்லை.

பதில் 1-ல் சொன்னபடி அளந்தேன். கனெக்டரில் 4.3 கிலோ ஓம். சென்சார் டேங்க்கின் பாக்கெட்டுக்குள் சொருகியிருக்கும் வகை, தண்ணீரை வடிக்காமலே வெளியே வந்தது. ஸ்டீல் முனையும் ஒயரும் சேரும் இடத்தில் ஸ்லீவ் கால் அங்குலம் விலகியிருக்கிறது, உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். ஹேர் டிரையரில் மிதமாக உலர்த்தி, 27 டிகிரி தண்ணீருள்ள கிளாஸில் முனையை மட்டும் வைத்து அளந்தால் 8.9. உலர்ந்துவிட்டதால் இதையே மறுபடி போட்டுவிடலாமா?

பதில் 1

வேண்டாம். ஸ்லீவ் விலகிய சென்சார் மறுபடி ஈரம் குடிக்கும், 9.2-க்கு இன்னும் வந்து சேரவும் இல்லை. மேலே சிலிகான் பூசினால் உள்ளே இருக்கும் ஈரமும் பூட்டிக்கொள்ளும்.

அதைவிட முக்கியம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது. எலிமென்ட் பொருத்திய தகடான ஃபிளாஞ்சைச் சுற்றி வெள்ளை உப்போ துருக்கோடோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் ரப்பர் கேஸ்கட் கசிகிறது. கேஸ்கட்டை மாற்றாமல் சென்சாரை மட்டும் மாற்றினால் புதியதும் இதே கதிக்கு வரும். ஃபிளாஞ்ச் காய்ந்து சுத்தமாக இருந்தால், மேலிருந்து குழாய் வழியாகச் சொட்டுவது ஒயரைப் பிடித்து இறங்கியிருக்கலாம்.

புதிய சென்சார் வாங்கும்போது உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 25 டிகிரியில் எத்தனை ஓம், பீட்டா எத்தனை என்ற இரண்டும் பொருந்த வேண்டும். ஒரே உருவத்தில் 50 கிலோ ஓமிலும் வரும். அதை உங்கள் போர்டில் போட்டால், தண்ணீர் 60 தொட்டாலும் போர்டு 20 என்றே நினைக்கும். கட்-அவுட் விழும்வரை கொதிக்கும். உங்களுடையது 10 கிலோ ஓம், 3950 வகையோடு ஒத்துப்போகிறது, இருந்தாலும் ஹீட்டரின் மாடல் எண்ணைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன் புதியதை அதே கிளாஸ் தண்ணீரில் அளந்துவிடுங்கள். மீட்டர் எண் நிலைக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டாம். முனையில் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, பாக்கெட்டின் அடி தொடும்வரை தள்ளி, கிளிப்பை மாட்டுங்கள். பாதியில் நின்றுவிட்டால் காற்றைத்தான் அளக்கும், குறைவாகக் காட்டும், தண்ணீர் அதிகம் கொதித்துவிடும். ஒயர் போர்டுக்கு ஏறுவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். சொட்டு விழுந்தாலும் வளைவின் அடியிலேயே உதிர்ந்துவிடும், கனெக்டருக்குள் போகாது. எலிமென்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கேட்டவர்

ஃபிளாஞ்சின் கீழ்ப்பாதியில் வெள்ளை உப்பு இருந்தது. அதனால் டேங்க்கை வடித்து கேஸ்கட்டையும் மாற்றினேன். புதிய சென்சார் 27 டிகிரியில் 9.1. டேங்க்கை நிரப்பி, குழாயில் காற்று வராமல் தண்ணீர் சீராக வந்த பிறகே ஆன் செய்தேன். டிஸ்ப்ளே 27-ல் தொடங்கி 29 நிமிடத்தில் 60-ல் கட் ஆனது, குழாயில் 59.

பதில் 3

29 நிமிடம் கணக்குக்குச் சரி. ஃபிளாஞ்ச் நட்டுகளை, பிரேக்கரை இறக்கி, டேங்க் ஆறிய பிறகு எதிரெதிராக இன்னொரு சுற்று இறுக்குங்கள். புதிய ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். இறுக்கிய பிறகு ஃபிளாஞ்சின் கீழ் ஒரு காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைத்து மறுநாள் பாருங்கள், நனையாமல் இருந்தால் மூடியை மாட்டிவிடலாம்.