மூலைப் பூங்கா

(ஏப்ரல் 14, எங்கள் குடும்பக் குழு)

அத்தை: எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். வேப்பம்பூ பச்சடி வைத்தீர்களா?

நான்: வைத்தாச்சு அத்தை. பெரியப்பா, ஒரு விஷயம். எங்கள் தெரு மூலையில் கருவேலம் மண்டிக் கிடக்கிற இடத்தைத் தீயணைப்பு வீரர்கள் நினைவுப் பூங்காவாக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு. நடுவில் சிலை, சுற்றிலும் புல். உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

தம்பி: இன்றைக்குத்தானே அக்கா தீயணைப்போர் நாளும்?

பெரியப்பா: ஆமாம்டா. 1944-ல் இதே தேதி, பம்பாய்த் துறைமுகம். ஒரே கப்பலில் பருத்தியும் வெடிபொருளும். அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. தீயணைப்பு சர்வீஸில் இருந்தவரை புத்தாண்டுக் காலையில் ஸ்டேஷனில் மௌன அஞ்சலிக்கு நிற்பேன், வீட்டில் பச்சடி ஆறிக் கிடக்கும்.

அத்தை: தீபாவளிக்கு மட்டும் வீட்டில் இருந்தீர்களா அண்ணே? புதுச்சட்டையைப் பொங்கலுக்குத்தான் போடுவீர்கள் 😄

சித்தப்பா: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை எரிந்ததும் தீபாவளியன்றுதானே அண்ணே?

பெரியப்பா: 2020. நான் ஓய்வுபெற்ற பிறகு. நவபத்கானா தெரு. கட்டடம் இடிந்து விழுந்து நம் பையன்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

பெரியப்பா: துணி எரிகிற இடம் மோசம். துணிக்கட்டு உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் அடிக்க அடிக்கத் துணி குடித்துக் கனத்துப்போகும். சூட்டில் தளர்ந்த பழைய கட்டடத்துக்கு அந்தப் பாரமும் சேரும். ஹோஸ் முனையைப் பிடித்து உள்ளே நிற்கிறவனுக்குப் புகைதான் தெரியும், தலைக்கு மேல் விரிசல் விடுவது தெரியாது.

தம்பி: 😔🙏

அத்தை: நமக்கு எப்போதும் பாம்புக்கும் கிணற்றில் விழுந்த மாட்டுக்கும் 101 அடித்துத்தான் பழக்கம். போன மாதம்கூட எங்கள் கொல்லையில் சாரையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

நான்: அப்போ சிலைக்கு என்ன சொல்லட்டும் பெரியப்பா? ஹோஸைத் தோளில் போட்ட மாதிரி வைக்கலாமாம்.

பெரியப்பா: சிலை வேண்டாம்மா. காக்கை எச்சம்தான் மிச்சம். அந்த இரண்டு பையன்கள் பேரையும் ஒரு கல்லில் வெட்டினால் போதும். மிச்சக் காசுக்குப் புல்லுக்குக் கீழே தரைத்தொட்டி கட்டச் சொல். வண்டியில் 4500 லிட்டர் இருக்கும், முழுசாகத் திறந்துவிட்டால் சில நிமிடம்தான். அப்புறம் ஊரெல்லாம் தண்ணீர் தேடி ஓட வேண்டும். டவுனுக்குள் சந்தில் வண்டி நுழையாமல் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடிய கால் இது, இப்போதும் வலிக்கிறது.

தம்பி: செம ஐடியா பெரியப்பா. மேலே பிள்ளைகள் விளையாடட்டும், கீழே தண்ணீர்.

பெரியப்பா: முதலில் வண்டி உள்ளே வர வேண்டுமே. கேட் எத்தனை அடி?

நான்: இருங்கள், டேப் எடுத்துப் போகிறேன்.

(பத்து நிமிடம் கழித்து)

நான்: ஏழரை அடி. அதிலும் பாதியை மறைத்து ஒரு வேன் நிற்கிறது.

பெரியப்பா: வண்டியே எட்டடி இருக்கும். யாருடைய வேன் அது?

நான்: 🙊 சித்தப்பாவுடையது.

சித்தப்பா: இதோ எடுத்துவிடுகிறேன் அண்ணே.