மார்ச் 31 இருப்பு: பேங்கில் 1,04,874 வித்தியாசம், கல்லாவில் 7,500 குறைவு. எதை எப்படிச் சரி செய்வது?

ஈரோடு_பேரேடு:

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வருட முடிவை இதுவரை பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டார். அவர் வேலையை விட்டு நின்றுவிட்டதால் இந்த முறை என் பொறுப்பு. திங்கட்கிழமை ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 31 அன்று டாலி கணக்கு மென்பொருளில் பேங்க் இருப்பு 2,41,350. ஸ்டேட்மென்டில் 3,46,224. வரி வரியாக டிக் அடித்துப் பார்த்ததில் மாட்டியவை இவை.

கோபியில் இருந்து வந்த 64,000 ரூபாய் செக்கை 31ஆம் தேதி போட்டோம், 2ஆம் தேதிதான் பாஸ் ஆனது. சாயப்பட்டறைக்கு 29ஆம் தேதி கொடுத்த 78,500 செக் ஏப்ரல் 4இல் பாஸ் ஆனது. நூல் மில்லுக்கு 31ஆம் தேதி போட்டு எழுதிய செக் 1,10,000, அது ஏப்ரல் 8இல் பாஸ் ஆனது. அட்டைப்பெட்டிக்காரருக்கு நவம்பர் 14 தேதியிட்டுக் கொடுத்த 6,200 செக் இன்றுவரை பேங்குக்கே வரவில்லை. ஒரு பார்ட்டி மார்ச் 28இல் கொடுத்த 45,000 செக்கை அன்றே பேங்க் வரவாக எழுதிவிட்டேன், ஆனால் அதில் தேதி ஏப்ரல் 10. இவை போக, பேங்க் பிடித்த 826 ரூபாயும், யார் அனுப்பியது என்றே தெரியாத 20,000 நெஃப்ட் வரவும் டாலியில் இல்லை.

கல்லாவும் இடிக்கிறது. கேஷ் புக்கில் 38,740. 31ஆம் தேதி இரவு எண்ணியபோது ஐந்நூறு 58, நூறு 19, சில்லறை 340, ஆக 31,240தான். முதலாளி, "சஸ்பென்ஸ்ல போட்டு முடிச்சுடும்மா" என்கிறார். காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்கு அது, எனக்கு மனசு வரவில்லை.

டாலி_தம்பி:

அக்கா, பயப்படாதீங்க. 826க்கும் 20,000க்கும் என்ட்ரி போடுங்க. மீதி எல்லாம் பாஸ் ஆகாத செக் தானே? பேங்க் தேதியைக் காலியா விட்டால் பி.ஆர்.எஸ்.ஸில், அதாவது நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஒப்பிடும் பட்டியலில், தானா வந்து நிற்கும். போட்டுப் பார்த்தேன், 3,46,224 சரியாக வருது.

பழைய_கணக்கர்:

தம்பி சொன்னபடி செய்தால் தொகை பொருந்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) தப்பாக நிற்கும். பி.ஆர்.எஸ். பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று நினைத்து நானே ஆரம்ப காலத்தில் மோசம் போயிருக்கிறேன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு செக்கிற்கும் ஒரே கேள்வி கேளுங்கள். 31ஆம் தேதி கடை சாத்தும்போது அந்தத் தாள் யார் கையில் இருந்தது, அன்றைக்கு அதை பேங்கில் போட முடியுமா?

கோபி செக் பேங்க் கையில். சாயப்பட்டறை செக் பட்டறைக்காரர் கையில். இரண்டும் வெறும் நாள் வித்தியாசம்தான். ஏப்ரல் 1 பேங்க் தன் கணக்கை முடிக்கிற நாள், நமக்கு வேலை நடக்காது, அதனால் 2ஆம் தேதி பாஸ் ஆவது வழக்கம்தான். இவை பி.ஆர்.எஸ்.ஸில் நிற்கட்டும், என்ட்ரி தேவையில்லை.

45,000 செக் உங்கள் கையில் இருந்தாலும் ஏப்ரல் 10 வரை அது பணம் ஆகாது. அந்த ரசீதை ரத்து செய்யுங்கள். மார்ச் 31இல் அந்தப் பார்ட்டி இன்னும் 45,000 பாக்கிதான். டாலியில் வவுச்சரைப் போஸ்ட் டேட்டட் என்று குறிக்க வசதி இருக்கிறது, குறித்துவிட்டால் அந்தத் தேதி வரும்வரை கணக்கில் ஏறாது.

6,200 செக் காலாவதி. 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் 3 மாதம்தான், அதற்கு முன்பு 6 மாதம். பிப்ரவரி 14ஓடு அது போய்விட்டது. பேங்க் பற்று (டெபிட்), அட்டைப்பெட்டிக்காரர் வரவு (கிரெடிட்) என்று திருப்பி எழுதுங்கள்; பேங்க் இருப்பும் கூடும், அவருக்குத் தர வேண்டியதும் கூடும். அதை வருமானத்தில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். செக் செத்தாலும் கடன் சாகவில்லை, அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

நூல் மில் செக்தான் எனக்கு உறுத்துகிறது. 31இல் எழுதியது 8ஆம் தேதி வரை ஏன் வரவில்லை? என்றைக்குக் கையில் கொடுத்தீர்கள்?

ஈரோடு_பேரேடு:

ஐயா, செக் புக் அடிக்கட்டையைப் பார்த்தேன், தேதி 31தான். ஆனால் மில் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய நோட்டில் ஏப்ரல் 6 என்று இருக்கிறது. அதுவரை முதலாளி மேசை டிராயரில் இருந்திருக்கிறது.

பழைய_கணக்கர்:

அப்படியென்றால் மார்ச் 31இல் நீங்கள் மில்லுக்குப் பணம் கொடுக்கவில்லை. டிராயரில் இருக்கும் செக் உங்கள் பணம்தான். 1,10,000 பேங்க் பற்று, மில் வரவு. ஏப்ரல் 6 தேதியில் மறுபடி பேமென்ட் போடுங்கள். இல்லாவிட்டால் ஆடிட்டர் மில்லிடம் இருப்புக் கடிதம் கேட்கும்போது அவர்கள் கணக்கில் 1,10,000 கூடுதலாக நிற்கும்.

இதில் வரியும் இருக்கிறது, முதலாளியிடம் கட்டாயம் சொல்லுங்கள். மில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால், ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31இலும் பாக்கி நின்றால், அந்தச் செலவு, பணம் கொடுத்த வருடத்தின் வருமானத்தில்தான் கழியும். 2023-24 நிதியாண்டு முதல் இப்படி. பில் தேதியைப் பாருங்கள். சாயப்பட்டறைக்கு அந்தப் பயம் இல்லை. செக் பிறகு பாஸ் ஆகிவிட்டால், கையில் கொடுத்த நாளே பணம் கொடுத்த நாள் என்று உச்ச நீதிமன்றம் 1954இலேயே ஒரு வருமான வரி வழக்கில் சொல்லிவிட்டது.

20,000ஐ விற்பனையில் சேர்க்க வேண்டாம். ஆள் தெரியும்வரை அடையாளம் தெரியாத வரவு என்று பொறுப்புப் பக்கம் வையுங்கள். 826இல் 700 பேங்க் சார்ஜ், 126 ஜிஎஸ்டி.

கல்லாப் பெட்டியில் துண்டுச் சீட்டு ஏதாவது கிடக்கிறதா?

ஈரோடு_பேரேடு:

இருந்தது! நோட்டுக் கட்டுக்கு அடியில், டிரைவருக்கு 4,800 கொடுத்த சீட்டு. கேஷ் புக்கில் ஏறவே இல்லை. டீசல் பில் அவர் இன்னும் தரவில்லை. அப்போதும் 2,700 இடிக்கிறது.

பழைய_கணக்கர்:

4,800ஐ டிரைவர் அட்வான்ஸ் என்று எழுதுங்கள். பில் மார்ச் தேதியில் வந்தால் அதைச் செலவாக மாற்றிவிடலாம். 2,700 ஒன்பதால் வகுபடுகிறது, மீதி இல்லை. இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 36ஐ 63 ஆக, 14ஐ 41 ஆக மாற்றி எழுதிய வவுச்சர் இருக்கிறதா என்று மார்ச் மாதக் கட்டைப் புரட்டிப் பாருங்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால்தான் ரொக்கக் குறைவு என்று தனிக் கணக்கில், முதலாளி கையெழுத்தோடு எழுத வேண்டும்.

டாலி_தம்பி:

ஐயா, செக்கைக் கொடுத்த தேதியை இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை. எங்கள் கடைக்கும் இன்றைக்கே பார்க்கிறேன்.

ஈரோடு_பேரேடு:

கிடைத்துவிட்டது ஐயா. மார்ச் 19, சுமைக்கூலி வவுச்சர். மேஸ்திரி பென்சிலில் 6,300 என்று எழுதியிருக்கிறார். நான் 3,600 என்று ஏற்றியிருக்கிறேன். திருத்தியதும் கேஷ் புக் 31,240.

பேங்கும் முடிந்தது. 2,41,350உடன் 1,10,000, 6,200, 20,000 கூட்டி, 45,000உம் 826உம் கழித்தால் 3,31,724. ஸ்டேட்மென்ட் 3,46,224உடன் 64,000 கூட்டி 78,500 கழித்தாலும் அதே தொகை. அட்டைப்பெட்டிக்காரர் செக்கைத் தொலைத்துவிட்டாராம், கேட்கச் சங்கடப்பட்டுச் சும்மா இருந்திருக்கிறார். இன்று புதுச் செக் கொடுத்தோம். மில் பில் பிப்ரவரி 27 தேதி, ஒப்பந்தம் எதுவும் இல்லை. மில்லின் உத்யம் சான்றிதழ் (குறு, சிறு நிறுவனப் பதிவு) கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன்.