மானுக்கும் எல்க்குக்கும் ஒரே ரைபிள்: எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: டென்வர்வாசி

வணக்கம். கொலராடோவில் டென்வருக்கு அருகே ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, ஏப்ரலில் குலுக்கலுக்கு விண்ணப்பித்ததில் ஒரு மியூல் மானுக்கும் ஒரு பெண் எல்க்குக்கும் (இங்குள்ள பெரிய மான் இனம்) அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கிறது. நவம்பரில் அலுவலக நண்பர் ஒருவருடன் மீக்கர் என்ற சிற்றூரை ஒட்டிய மலைகளுக்குச் செல்லவிருக்கிறேன். இதுவரை .22 என்ற மிகச் சிறிய தோட்டாவைத் தவிர (எண், சுடும் குண்டின் விட்டம், ஏறக்குறைய அங்குலத்தில்) வேறு எதையும் சுட்டதில்லை.

இரண்டு விலங்குகளுக்கும் பொருந்துகிற ஒரே ரைபிளை வாங்க விரும்புகிறேன். கடைக்காரர் எல்க் என்றதுமே .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலுமிக்க தோட்டாவுக்கான ரைபிளை எடுத்து வைத்து, அதற்குக் குறைந்த எதுவும் விலங்குக்குச் செய்கிற கொடுமை என்றார். நண்பரோ தம் தந்தையார் .270 ஒன்றையே வைத்து முப்பது ஆண்டுகள் எல்க் வேட்டையாடியதாகச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவைப் பற்றிப் பாதிப் பேர் புகழ்கிறார்கள், மீதிப் பேர் திட்டுகிறார்கள். என் எடை 64 கிலோ. இருநூறு கெஜத்துக்கு மேல் சுடுகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஆஸ்பன்காடு

முதலில் விலங்குகளின் அளவை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நன்கு வளர்ந்த ஆண் மியூல் மான் 70 முதல் 100 கிலோ வரை இருக்கும். நம் ஊர்ப் புள்ளிமானைவிடச் சற்றுப் பெரியது. பெண் எல்க் ஏறக்குறைய 225 கிலோ, ஆண் எல்க் 320 கிலோ. அதாவது நீங்கள் தேடிப் போவது கடமான் அளவுள்ள ஒரு விலங்கு. (இலங்கையில் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் அங்கே மரை எனப்படும் கடமானையே எல்க் என்று அழைத்தது முற்றிலும் காரணமில்லாமல் அல்ல.) இந்த வேறுபாட்டால்தான் மானுக்குத் தாராளமாகப் போதுகிற ஒரு தோட்டா எல்க்குக்குப் போதுமா என்ற கேள்வி எழுகிறது.

கொலராடோ சட்டம் கேட்பது அதிகமில்லை. குண்டின் (தோட்டாவிலிருந்து பறந்து செல்லும் பகுதி) விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. எடை மானுக்கு 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்னாவது இருக்க வேண்டும் (ஏறக்குறைய 15 கிரெய்ன் ஒரு கிராம்). அது விரிவடைகிற குண்டாக இருக்க வேண்டும். 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். இதன்படி .243 வின்செஸ்டர்கூட எல்க்குக்குச் சட்டப்படி செல்லும். ஆனால் வேட்டைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிற கணக்கு மானுக்கு 1000, எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு என்பது; .243-இன் 100 கிரெய்ன் குண்டு 150 கெஜத்தைத் தொடும் முன்பே அந்த 1500-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. முதல் எல்க்குக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் இந்த ஆற்றல் கணக்கை நான் ஓரளவுக்கு மேல் நம்புவதில்லை. விலங்கு விழுவது அடி-பவுண்டால் அல்ல. இரண்டு நுரையீரல்களிலும் துளை விழுந்து இரத்த ஓட்டம் நிற்பதால் விழுகிறது. அதற்குக் குண்டு தோலையும் விலா எலும்பையும் கடந்து, சிதறிப்போகாமல், விரிந்தபடியே உள்ளே சென்றாக வேண்டும். 1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற மிகப் பெரிய மான் ஒன்றை .300 எச் அண்ட் எச் மேக்னத்தால் சுட்டபோது, சேறு காய்ந்து பாளம் பாளமாகப் பூசியிருந்த அதன் தோளில் குண்டுகள் மேலோட்டமாகவே சிதறிவிட்டன. தோட்டாவில் வலுவுக்குக் குறையில்லை, குண்டு பொருந்தவில்லை, அவ்வளவுதான். முன்பாதி விரிய, பின்பாதி உறுதியாக நிற்கும்படி நடுவில் ஒரு தடுப்பு வைத்துப் பார்ட்டிஷன் என்ற குண்டை அவர் உருவாக்கியது இந்த அனுபவத்தால்தான்.

என் முதல் பெண் எல்க்கை .270-இல் 150 கிரெய்ன் பார்ட்டிஷனால், நான் படியால் அளந்த கணக்குக்கு 180 கெஜத்தில், பக்கவாட்டில் நிற்கும்போது சுட்டேன். ஈரச் சாக்கைத் தடியால் அடித்ததுபோல் ஒரு சத்தம் திரும்பி வந்தது. அது துள்ளவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒன்றும் நடக்காததுபோல் நாற்பது அடி நடந்து, நின்று, பின்னங்கால்கள் மடங்கிச் சாய்ந்தது. தோலை உரிக்கும்போது மறுபக்கத் தோலுக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு குண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தபோது 150 கிரெய்னில் 98 மீதமிருந்தது. கையில் வைத்தால் ஆறரை கிராம்கூட இல்லாத அந்த உலோகத் துண்டுதான் 225 கிலோ விலங்கைச் சாய்த்தது.

ஆகவே .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், 30-06, 7 மி.மீ.-08 ஆகியவற்றுள் எது உங்கள் தோளுக்கு ஒத்துவருகிறதோ அதை வாங்குங்கள்; இருநூறு கெஜத்துக்குள் இந்த நான்குக்கும் எல்க் வித்தியாசம் காணாது. ரைபிளுக்கு ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டுக் குண்டில் இருபது டாலர் மிச்சம் பிடிப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுகிற கதை.

பதில் 2: தோள்வலி

என் பெயரிலேயே என் கதை இருக்கிறது. உங்களைப் போலவே நானும் ஒரு கடையில் .300 வின்செஸ்டர் மேக்னத்தை வாங்கினேன். மலையேற எளிதாக இருக்கட்டும் என்று எடை மிகக் குறைந்த ரைபிளாகவும் பார்த்து வாங்கினேன். லேசான ரைபிளின் உதை கூடும் என்பதை யாரும் அப்போது சொல்லவில்லை. ஒரே எடையுள்ள ரைபிளில் .308-இன் பின்னுதை ஏறக்குறைய 17 அடி-பவுண்டு என்றால் 30-06-க்கு 20, .300 மேக்னத்துக்கு 26-க்கு மேல் வரும். இருபதைத் தாண்டினால் பெரும்பாலோரால் தொடர்ந்து நன்றாகச் சுட முடிவதில்லை என்பது பழைய கணிப்பு. அதை நான் என் வலது தோளில் படித்தேன்.

முதல் பருவத்தில் 160 கெஜத்தில் அசையாமல் நின்ற ஓர் ஆண் எல்க்கைச் சுட்டேன். குண்டு அதற்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) குறை என்று சாதித்தேன். பயிற்சிக் களத்தில் நண்பர் எனக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவை இடையில் செருகிக் கொடுத்தார். விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் என் கண்கள் இறுக மூடியிருந்தன, குழலின் முனை ஒரு சாண் கீழே குத்தி நின்றது. ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை.

உதைக்குப் பயந்து உடல் தானாகக் கற்றுக்கொண்ட அந்தப் பழக்கத்தைப் போக்க இரண்டு கோடைகாலம் ஆயிற்று. மேக்னத்தை விற்றுவிட்டு 7 மி.மீ.-08 வாங்கினேன், அது .308-இன் பித்தளைக் கூட்டையே கழுத்தைச் சுருக்கி 1980-இல் ரெமிங்டன் வெளியிட்ட தோட்டா. 140 கிரெய்ன் குண்டால் அதன்பின் நான்கு மான்களையும் இரண்டு எல்க்குகளையும் ஒவ்வொரு குண்டிலேயே எடுத்திருக்கிறேன். உங்கள் எடையும் என் எடையும் ஒன்றுதான்.

பதில் 3: காற்றுவாக்கு

ஆஸ்பன்காடு ஐயாவின் பட்டியலில் 6.5 கிரீட்மோர் இல்லாததைக் கவனித்தேன். ஹார்னடி நிறுவனம் 2007-இல் அதை அறிமுகப்படுத்தியது இலக்குப் போட்டிகளுக்காக. அதனாலேயே வேட்டைக்கு ஆகாது என்று ஒதுக்குவது சரியாகாது. 143 கிரெய்ன் வேட்டைக் குண்டு நொடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பி, 300 கெஜத்தில் சுமார் 1650 அடி-பவுண்டு ஆற்றலுடன் போகிறது. கேள்வி கேட்டவர் 200 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்கிறார். அந்தத் தூரத்தில் 1850 இருக்கிறது. உதையோ .308-இல் முக்கால் பங்குதான். ஒரு புதியவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தச் சண்டை புதியதும் அல்ல. 1925-இல் வந்த .270-ஐ வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் வாழ்நாள் முழுவதும் ஏந்திப் பிடித்தார். கனமான பெரிய குண்டு இல்லாமல் எல்க் பக்கம் போகக்கூடாது என்று இன்னொரு வேட்டை எழுத்தாளரான எல்மர் கீத் அடித்துச் சொன்னார். இன்று .270-ஐப் பாட்டன் காலத்து நம்பிக்கையோடு பரிந்துரைக்கிறவர்களே 6.5-ஐப் பார்த்து முகம் சுளிப்பதுதான் வேடிக்கை. இரண்டு குண்டுகளின் விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு .264-க்கும் .277-க்கும் உள்ளது, தலைமயிரின் தடிமன் சிலவற்றை அடுக்கினால் வருகிற அளவு.

பதில் 1-இன் மறுமொழி: ஆஸ்பன்காடு

காற்றுவாக்கு அவர்கள் சொல்வதில் தவறில்லை. நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். என் தயக்கம் பக்கவாட்டில் நிற்கிற எல்க்கைப் பற்றியது அல்ல. மீக்கர் பக்கம் குட்டை ஓக் புதர்கள் ஆள் உயரத்துக்கு அடர்ந்திருக்கும். அங்கே விலங்கு புத்தகத்துப் படம்போல் பக்கம் காட்டி நிற்காது. சாய்ந்து நிற்கும், தோள் எலும்பு குறுக்கே வரும். அப்போது 165 அல்லது 180 கிரெய்ன் கனம் உள்ள குண்டு தருகிற பிழை பொறுக்கும் வசதியை 143 தருவதில்லை. சாய்ந்து நின்றால் சுடாமல் காத்திருக்கப் பொறுமை உள்ளவருக்கு 6.5 போதும். முதல் எல்க்கைக் காணும்போது நெஞ்சு அடிக்கிற அடியில் அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும் என்பதுதான் என் ஐயம்.

பதில் 4: உறைபெட்டி

நான் வேட்டைக்குப் போவதே இறைச்சிக்காக என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். வேகமான, மென்மையான குண்டு அறுபது கெஜத்தில் மானின் தோளில் பட்டால் தோள் முழுவதும் இரத்தம் கட்டிக் கருத்து, நாய்க்குப் போடத்தான் ஆகும். எல்க்குக்கென்று உறுதியான குண்டை வாங்கி அதையே மானுக்கும் பயன்படுத்துங்கள். விலா எலும்புக்குப் பின்னால் சுட்டால் சிறிய துளையோடு போய்விடும். ஈயத் துகள் பிள்ளைகளின் தட்டுக்கு வர வேண்டாம் என்று நான் முழுச் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். செம்பு விரிவதற்கு வேகம் வேண்டும். ஆகையால் அதே தோட்டாவில் ஒரு படி லேசான குண்டை எடுப்பது வழக்கம்,.308-இல் 165-க்குப் பதிலாக 150 என்பதுபோல்.

இன்னொன்று, தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு மலையடிவாரம் போய்ச் சேர்ந்தவன் நான். அந்தச் சிற்றூரின் ஒரே ஹார்டுவேர் கடையில் .270, .308, 30-06 மூன்றும் அலமாரியில் இருந்தன. என் தோட்டா இல்லை. அது என்ன தோட்டா என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: டென்வர்வாசி

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை நண்பரின் .270-ஐயும், பயிற்சிக் களத்தில் அறிமுகமான ஒருவரின் .308-ஐயும், அவரே விரும்பிக் கொடுத்த .300 மேக்னத்தையும் சுட்டுப் பார்த்தேன். மேக்னத்தில் மூன்றாவது குண்டோடு நிறுத்திவிட்டேன். தோள்வலி அவர்கள் எழுதியது கண் முன்னே நின்றது. .308-இல் இருபது குண்டுகள் சுட்ட பிறகும் இன்னும் சுடலாம் என்றிருந்தது. முழங்காலிட்டு 100 கெஜத்தில் ஆறு அங்குலத் தட்டில் பத்துக்கு ஏழு பட்டன. ஸ்கோப்போடு மூன்றரைக் கிலோ வருகிற .308 ஒன்றை முன்பதிவு செய்துவிட்டேன், குண்டு 165 கிரெய்ன் பார்ட்டிஷன். ஸ்கோப்பின் குறியும் குண்டு படும் இடமும் எத்தனை கெஜத்தில் ஒன்றாகும்படி அமைப்பது?

ஆஸ்பன்காடு

நல்ல தேர்வு. 200 கெஜத்துக்கு அமையுங்கள். அப்போது 100 கெஜத்தில் குண்டு இரண்டு அங்குலம் மேலே படும், 300-இல் எட்டு, ஒன்பது அங்குலம் கீழே போகும். மானின் உயிர்நிலைப் பகுதி எட்டு முதல் பத்து அங்குலம் அகலம் இருப்பதால், 200 வரை கணக்கு எதுவும் போடாமல் நடுவில் வைத்துச் சுடலாம். பத்துக்கு ஏழு என்பதை முழங்காலிலிருந்து பத்துக்கு ஒன்பதாக ஆக்குங்கள். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. வீட்டில் தோட்டா இல்லாத ரைபிளில், அது காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு, தினமும் பத்து முறை விசையை இழுத்துப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் ஒன்றாக இருக்கிற மூன்று பெட்டிகளை இப்போதே வாங்கி வையுங்கள். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் முகாமிடும் முன்பு, பாதுகாப்பான மண்மேடு பார்த்து ஒருமுறை அட்டையில் சுட்டுச் சரிபாருங்கள். நான்கு மணி நேரம் வண்டியில் குலுங்கி வந்த ஸ்கோப்பை நான் நம்புவதில்லை.