காளான் ட்ரிப்புக்கு அப்புறம் கண்ல புள்ளி போகவே இல்ல, தியானமா மாத்திரையா?

வெள்ளைச்சுவர்:
வணக்கம். வயசு 24, கோயம்புத்தூர். போன வருஷம் ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் பக்கம் போய் போதைக் காளான் எடுத்தோம், அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஸ்டாம்ப், அதான் எல்எஸ்டி போதை தடவின பேப்பர் துண்டு. எல்லாம் முடிஞ்சு மாசக்கணக்கா ஆச்சு, ஆனா வெறும் சுவர பாத்தா பழைய டிவில சேனல் வராதப்ப புள்ளி ஓடுமே அந்த மாதிரி ஓடுது, கைய ஆட்டினா பின்னாடியே வால் மாதிரி தடம் வருது, ராத்திரி தெருவிளக்க சுத்தி வளையம். இதெல்லாம் நிஜம் இல்லனு எனக்கு நல்லாவே தெரியுது. டாக்டர்கிட்ட தூக்கம் வரல, பதட்டமா இருக்குனு மட்டும் சொன்னேன், காளான் விஷயம் சொல்லல, குளோனசெபாம்னு ஒரு பதட்ட மாத்திரை எழுதி குடுத்தார். ரூம்மேட் என்னடான்னா மாத்திரைய தொடாத, பத்து நாள் விபாசனா மௌன தியான முகாம் போய்ட்டு வா எல்லாம் அடங்கிடும்ங்கறான். ரெண்டுல எது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மாஇரு:
தம்பி முதல்ல பயப்படாத, உனக்கு பைத்தியம் புடிக்கல. இதுக்கு பேர் எச்பிபிடி. எல்எஸ்டி, காளான் மாதிரி சமாச்சாரம் எடுத்தவங்கள்ல சில பேருக்கு போதை எறங்கின அப்புறமும் பார்வைல அந்த மிச்சம் தங்கிடும். எனக்கும் காலேஜ் நாள்ல இருந்து இருக்கு, இப்ப என் பையன் ஸ்கூல் போறான், புள்ளி இன்னும் போகல. ஆனா அது என் நாள கெடுக்கறதில்ல, காரணம் தியானம் மட்டும்தான். 2011ல ஒரு ஆன்லைன் சர்வே வந்துச்சு, இந்த மாதிரி எடுத்தவங்க 2,455 பேர்கிட்ட கேட்டாங்க. பாதிக்கும் மேல போதை இல்லாத நேரத்துலயும் ஏதோ ஒண்ணு கண்ல வந்திருக்குன்னாங்க, ஆனா வைத்தியம் பாக்கலாமானு யோசிக்கற அளவுக்கு கஷ்டப்பட்டவங்க 4.2 சதவீதம்தான். அப்ப மத்தவங்களுக்கு? அவங்களுக்கும் கண்ல ஏதோ வரத்தான் செஞ்சுது, மனசு போய் அத புடிச்சுக்கல. அந்த புடிய விட கத்துக்குடுக்கறது தியானம், மாத்திரை இல்ல. குளோனசெபாம் ஒருதடவ பழகிடுச்சுன்னா அத விடறதே தனி கஷ்டம்.

வார்டு_அக்கா:
//மனசு போய் அத புடிச்சுக்கல//

அந்த சர்வேல இருந்து இத எப்படிங்க எடுத்தீங்க? மத்தவங்களுக்கு வந்தது லேசா இருந்திருக்கலாம், எப்பவாவது வந்து போயிருக்கலாம். இவருக்கு நாள் முழுக்க வருது. அதுவும் போதைப்பொருள் தகவல் தர்ற ஒரு வெப்சைட்டுக்கு வந்தவங்க தானா முன்வந்து ரொப்பின ஃபார்ம் அது. அதே 4.2தான் மனநல டாக்டருங்க நோய கண்டுபிடிக்க வெச்சிருக்கற டிஎஸ்எம் 5 கையேட்டுலயும் ஏறிடுச்சு, எல்லாரும் அத கல்வெட்டு எண் கணக்கா சொல்றாங்க.

நான் மனநல வார்டுல பார்மசிஸ்ட். மருந்து பத்தி தெரிஞ்சத சொல்றேன். எச்பிபிடிக்குனே அனுமதி வாங்கின மருந்து ஒண்ணுகூட கிடையாது, அத ஒளிக்கப் போறதில்ல. ஆனா ஒண்ணுமே இல்லன்னும் இல்ல. இஸ்ரேல்ல 2003ல எல்எஸ்டிக்கு அப்புறம் பார்வை கோளாறும் கூடவே பதட்டமும் இருந்த 16 பேருக்கு ரெண்டு மாசம் குளோனசெபாம் குடுத்து பாத்தாங்க, நல்லா குறைஞ்சுது, மருந்த நிறுத்தின அப்புறமும் அந்த பலன் நின்னுச்சு. ஜெர்மனில 33 வயசு பொண்ணு ஒருத்தங்க, 18 வயசுல எல்எஸ்டி எடுத்ததுல ஆரம்பிச்சது, மனச்சோர்வு மாத்திரைங்க வரிசையா போட்டும் கண்ல மாத்தம் இல்ல, கடைசில லாமோட்ரிஜின்ங்கற வலிப்பு மருந்து ஒரு வருஷம் குடுத்ததுல தெளிவா குறைஞ்சுது, 2012ல அந்த கேஸ் வெளிவந்துச்சு. ஒரு ஆள் கேஸ்தான், ஆனா பல வருஷ கஷ்டம் குறைஞ்சிருக்கு இல்லயா. அதனால தம்பி, மாத்திரைன்னாலே அடிமைன்னு சொல்றத கேட்டு பயந்துடாதீங்க. டாக்டர் பாக்கற பார்வைல, கொஞ்ச நாளைக்கு, எப்ப குறைக்கறதுனு முதல்லயே பேசிக்கிட்டு எடுக்கறது வேற, நீங்களா கடைல வாங்கி வருஷக்கணக்கா போடறது வேற. ஏற்கனவே தினமும் எடுக்க ஆரம்பிச்சிருந்தா திடீர்னு மட்டும் நிறுத்தாதீங்க, ஃபிட்ஸ் வரைக்கும் போகும்.

திரும்பிவந்தவன்:
ரூம்மேட் சொன்னத மட்டும் செய்யாதீங்க ப்ரோ, கெஞ்சி கேக்கறேன். நான் அதே நிலைமைல ஒரு பத்து நாள் மௌன முகாமுக்கு போனவன். முகாம் பேர் வேணாம். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் கண்ண மூடி உக்காரணும், பேசக்கூடாது, ஃபோன் கிடையாது, படிக்கக்கூடாது. வெளில இருந்து கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் வராதப்ப மூளை சும்மா இருக்குமா, தானா ஒளி உருவாக்குது. மூணாவது நாலாவது நாளுக்கெல்லாம் கண்ண மூடினா கோலம் கோலமா ஓட ஆரம்பிச்சுது, கண்ண தொறந்தா சுவர் மூச்சு விடுது, என் கைய பாத்தா யாரோட கையோ மாதிரி. சொல்லிக்குடுக்கறவர்கிட்ட சொன்னேன், இதெல்லாம் மேல வந்து கழியுது, கவனிச்சுட்டே இருங்கன்னார். கவனிச்சேன். வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் எங்கம்மா முகமே எனக்கு சம்பந்தம் இல்லாத முகமா தெரிஞ்சுது, அது எவ்ளோ கொடுமைனு பட்டவனுக்குத்தான் தெரியும்.

இது என் ஒருத்தன் கதை இல்ல. அமெரிக்கால பிரவுன் யுனிவர்சிட்டில வில்லபி பிரிட்டன், ஜாரட் லிண்டால் ரெண்டு பேரும் வருஷக்கணக்கா இதையே ஆராயறாங்க. 2017ல வந்த அவங்க கட்டுரைல தியானம் செஞ்சவங்க, கத்துக்குடுத்தவங்க கிட்டயெல்லாம் பேட்டி எடுத்து வந்த தொந்தரவ வகைப்படுத்தி இருக்காங்க: ஒளி தெரியறது, சத்தமும் வெளிச்சமும் தாங்காம போறது, உலகம் நிஜமில்லாத மாதிரி ஆகறது, பயம், தூக்கமின்மை. எச்பிபிடி இருக்கறவன் சொல்ற லிஸ்டும் கிட்டத்தட்ட இதேதான். ஏற்கனவே இருக்கற ஆள இன்னும் உள்ள தள்ளறது எந்த வகைல வைத்தியம்?

சும்மாஇரு:
உங்களுக்கு நடந்தது கஷ்டமா இருக்கு, மெய்யாவே. ஆனா பத்து மணி நேரம் உக்கார்றதையும் இருபது நிமிஷம் உக்கார்றதையும் ஒண்ணா பேசறீங்க. நான் முகாம் போ-ன்னு சொல்லவே இல்ல, சொன்னது ரூம்மேட். லண்டன்ல விஷுவல் ஸ்நோ, அதாவது இதே மாதிரி எப்பவும் கண்ல புள்ளி ஓடற கோளாறு இருக்கற 21 பேருக்கு எட்டு வாரம் மைண்ட்ஃபுல்னஸ்ங்கற தியான வகுப்பு எடுத்தாங்க. தொந்தரவு குறைஞ்சுது, மூளை ஸ்கேன்ல பார்வை சம்பந்தப்பட்ட பகுதிகளோட இணைப்புலயும் மாத்தம் தெரிஞ்சுது. இதுக்கு என்ன சொல்றீங்க?

வார்டு_அக்கா:
நல்ல ஆய்வுதான், நானும் படிச்சேன். ஒப்பிட்டு பாக்க இன்னொரு குழு அதுல இல்ல, வகுப்பு எடுத்தவங்கள மட்டும் முன்னாடி பின்னாடி அளந்தாங்க. அதவிட முக்கியமா, விஷுவல் ஸ்நோ சிண்ட்ரோம்ங்கற வரையறையே போதைப்பொருளால வந்தத வெளில வெச்சிடுது. புள்ளி ஒரே மாதிரி தெரியுதுன்னு ரெண்டையும் ஒண்ணாக்க முடியாது. இதே நியாயம் என் பக்கத்துக்கும் பொருந்தும், அதையும் சொல்லிடறேன்: விஷுவல் ஸ்நோவுக்கு லாமோட்ரிஜின் எடுத்த 26 பேர்ல 5 பேருக்குத்தான் ஓரளவு குறைஞ்சுது, முழுசா யாருக்கும் போகல, பாதிப்பேருக்கு பக்கவிளைவு. நெதர்லாந்து ஆய்வு, 2019. எச்பிபிடில இத விட நல்லா வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்.

கேட்டது_போதும்:
முதல்ல எதுக்கு அந்த கருமத்த தின்னீங்க? பெத்தவங்க காச கரைச்சு மலைக்கு போய் காளான் தின்னுட்டு இங்க வந்து தியானமா மாத்திரையான்னு பட்டிமன்றம். போலீஸ்ல சொன்னா தன்னால சரியாகும்.

வார்டு_அக்கா:
இந்த மாதிரி பேச்சாலதான் அந்த பையன் டாக்டர்கிட்ட உண்மைய சொல்லாம வந்திருக்கான். உண்மை தெரியாததால டாக்டர் பாதி பிரச்சினைக்கு மட்டும் மருந்து எழுதி இருக்கார். நீங்க சொல்ற வழில போனா அடுத்த பையன் டாக்டர்கிட்டயே போகமாட்டான்.

சிவம்_டொரண்டோ:
அக்கா சொல்றது சரி. ஒருத்தரும் கேக்காத ஒண்டை நான் கேக்கிறன், தம்பி நீர் இப்ப கஞ்சா புகைக்கிறனீரோ? இஞ்ச கனடாவில 2018ல இருந்து கஞ்சா சட்டப்படி கடையில வாங்கலாம், எங்கட பொடியள் கன பேர் "அது இயற்கை, மனசை ஆத்தும்" எண்டு அதை அடிச்சுப்போட்டுத்தான் தியானத்துக்கு இருக்கிறவை. என்ர தம்பிக்கு இதே வருத்தம். மாத்திரையும் எடுத்தான், தியானமும் செய்தான், ரெண்டும் சரிவரேல்லை எண்டு அழுதான். கஞ்சாவை விட்ட பிறகுதான் வால் தெரியிறது குறையத் துவங்கினது. புகைக்கிற ஆளெண்டா முதல்ல அதை விடும், மிச்சக் கதை பிறகு.

வெள்ளைச்சுவர்:
வாரக் கடைசில அடிப்பேன் அண்ணா. தூக்கம் வரணும்னுதான். அடிச்ச மறுநாள் புள்ளி ஜாஸ்தியா இருக்கறது இப்ப நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் யோசிச்சு பாத்தேன். அக்கா, காளான் விஷயத்த டாக்டர்கிட்ட சொன்னா கேஸ் ஆகாதா? வீட்டுக்கு சொல்லிடுவாங்களா?

வார்டு_அக்கா:
சொன்னதுக்காக கேஸ் போடற வேலை டாக்டருக்கு இல்ல. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 23வது பிரிவுல, உங்க நோய் பத்தியும் சிகிச்சை பத்தியும் ரகசியம் காக்கறது உங்க உரிமைனு இருக்கு. உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விதிவிலக்கு உண்டு, உங்க நிலைமை அதுல எதுலயும் வரல. 24 வயசு ஆளு, வீட்டுக்கு சொல்லணும்னு நீங்க சொன்னாத்தான் சொல்லணும்.

ஏன் சொல்லியே ஆகணும்னா, சொல்லலன்னா மருந்து தப்பா போக வாய்ப்பிருக்கு. கண்ல இல்லாதது தெரியுதுன்னு மட்டும் கேட்டா சில பேர் இத சைக்கோசிஸ்னு, அதாவது நிஜம் எதுன்னே தெரியாம போற மனநோய்னு எடுத்துக்கிட்டு அதுக்கான ரிஸ்பெரிடோன் மாத்திரைய எழுதிடலாம். 1996லயே எல்எஸ்டிக்கு அப்புறம் பார்வை கோளாறு இருந்த மூணு பேருக்கு ரிஸ்பெரிடோன் குடுத்ததும் கூடிப்போச்சுன்னு ஹென்றி ஆபிரகாம் எழுதி வெச்சிருக்கார், 80கள்ல இருந்தே இந்த நோய ஆராய்ஞ்ச டாக்டர் அவர். "இது நிஜம் இல்லனு எனக்கு தெரியுது"ன்னு நீங்க இங்க எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரிய அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவருக்கு அதுதான் பெரிய தடயம். கண் பரிசோதனை, மைக்ரேன் இருக்கா, வலிப்பு சம்பந்தம் இருக்கா, இதெல்லாம் பாத்து ஒதுக்கின அப்புறம்தான் எச்பிபிடின்னே சொல்ல முடியும். நாங்க இங்க யாரும் உங்கள பாக்கல.

திரும்பிவந்தவன்:
அப்ப தியானம் வேணாம்னு நீங்களும் சொல்றீங்க தானே அக்கா, நேரா சொல்லிடுங்க. ஏன்னா அவன் இத படிச்சுட்டு "கொஞ்சமா உக்காந்தா ஒண்ணும் ஆகாது"ன்னு போவான்.

வார்டு_அக்கா:
கண்ண மூடிக்கிட்டு உள்ள தெரியறதையே கவனிக்கற தியானம் இப்போதைக்கு வேணாம், கைகால் அந்நியமா தெரிஞ்சா சுத்தமா வேணாம். அத நேராவே சொல்றேன். தூக்கம், நடை, மூச்சு சீராக்கறது, பதட்டத்துக்கு பேச்சு சிகிச்சை, இதுல எனக்கு தடை இல்ல.

சும்மாஇரு:
இதுல நான் ஒத்துக்கல. நடைல கால கவனிக்கறதும் தியானம்தான், கண்ண தொறந்துட்டு ஒரு வேலைய முழுசா செய்யறதும் தியானம்தான். மூச்சு சீராக்கறதுக்கு மட்டும் ஓகேன்னா அத யார் கத்துக்குடுத்தாங்க? முகாம்ல ஒரு ஆள உடைச்சுட்டாங்கங்கறதுக்காக மொத்தத்தையும் ஒதுக்கினா இவனுக்கு கடைசில மிஞ்சறது அட்டை மாத்திரைதான். அந்த ஆய்வு 16 பேருக்கு, இன்னொண்ணு ஒருத்தருக்கு. நீங்க என்கிட்ட கேக்கற ஆதாரம் உங்க பக்கமும் இல்லயே அக்கா. எனக்கு பயத்த குறைச்சது தினம் கொஞ்சம் கொஞ்சமா உக்காந்ததுதான், அத இல்லன்னு நான் எப்படி சொல்வேன்?

வார்டு_அக்கா:
ஆதாரம் ரெண்டு பக்கமும் மெலிசுதான், ஒத்துக்கறேன். வித்தியாசம் ஒண்ணு இருக்கு. லாமோட்ரிஜின் ஆரம்பிக்கறப்ப நாங்க 25 மில்லிகிராம்ல தொடங்கி வாரக்கணக்குல ஏத்துவோம், உடம்புல தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தா உடனே நிறுத்திட்டு ஓடி வாங்கன்னு சொல்லி அனுப்புவோம், ஏன்னா சில பேருக்கு தோலே உரியற அளவுக்கு, உயிருக்கே ஆபத்தா போகும். அளவு இருக்கு, எச்சரிக்கை இருக்கு, எப்ப நிறுத்தணும்னு இருக்கு. உங்க தியானத்துக்கும் அந்த மூணையும் சொல்லுங்க, நான் எதிர்க்க மாட்டேன். திரும்பிவந்தவர்கிட்ட யாராவது "சுவர் மூச்சு விட்டா எழுந்து வெளில வா"ன்னு சொல்லி இருந்தா அவர் இன்னிக்கு இப்படி எழுத மாட்டார்.

சும்மாஇரு:
அப்படி கேட்டா சொல்றேன். அஞ்சு நிமிஷம், கண் தொறந்து, பகல்ல. பார்வை கூடினாலோ உடம்பு தன்னோடது இல்லாத மாதிரி பட்டாலோ அன்னிக்கு நிறுத்திட்டு யார்கிட்டயாவது பேசணும். தூங்காத நாள்ல உக்காரக்கூடாது. முகாமுக்கு போகவே கூடாது. இவ்ளோதான். ஆனா மாத்திரைய முதல் வழியா வைக்கறத நான் இப்பவும் ஏத்துக்கல.

திரும்பிவந்தவன்:
என்னால அஞ்சு நிமிஷம்கூட முடியாது, இப்பவும். எனக்கு உதவினது தினம் சாயங்காலம் ஷட்டில் ஆடினது, அப்புறம் புள்ளிய நெட்ல தேடறத நிறுத்தினது. ப்ரோ நீங்களும் இந்த திரெட்ட மூடிட்டு போங்க, சுவர பாத்து செக் பண்றத குறைங்க.

வெள்ளைச்சுவர்:
வியாழக்கிழமை அதே டாக்டர்கிட்ட போறேன், காளான், ஸ்டாம்ப், கஞ்சா மூணையும் சொல்லப் போறேன். முகாம் கேன்சல். குளோனசெபாம் இதுவரைக்கும் ஆரம்பிக்கல, எழுதின சீட்டு அப்படியே இருக்கு. அதுவரைக்கும் ராத்திரி ரொம்ப மோசமா இருந்தா யாருக்கு ஃபோன் பண்றது?

வார்டு_அக்கா:
14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். பேசறப்பவும் காளான மறைக்காதீங்க.