'பவர் நெட்': ஊட்டுகணு எனலாமா?

நண்பர்களே,

மின்சுற்று வரையும் கீகேட் (KiCad) மென்பொருளைத் தமிழாக்கும்போது, சிப்புகளுக்கு மின்சாரம் ஊட்டும் இணைப்பான 'பவர் நெட்'டுக்கு முன்வைத்த சொற்களில் 'மின்தடம்' எனக்குச் சரியாகப் படவில்லை. அச்சுச்சுற்றுப் பலகையில் ஓடும் செப்புக் கோட்டைத்தான் தடம் என்கிறோம், ஒரே மென்பொருளில் இரண்டுக்கும் அதையே வைத்தால் பயனர் திண்டாடுவார். 'மின்வலை' என்றால் நெட்வொர்க்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ஊட்டுகணு. சுற்றுப்படத்தில் நெட் என்பது ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் முனைகளின் தொகுப்பு, அதாவது கணு. எரிபொருள் மாதிரி இதுவும் வினைத்தொகை, நடுவில் 'க்' போட வேண்டாம்.

இதில் இன்னொரு வசதி, கோடு என்ற எண்ணமே இச்சொல்லில் இல்லை. கீகேடில் ஊட்டுகணுக்களை இணைப்பது பெயர்தான். ஒரே பெயருள்ள ஊட்டக் குறியீட்டை எத்தனை தாளில் வைத்தாலும் எல்லாம் ஒன்றாகிவிடும். ஒரே மின்னழுத்தம் உள்ள சுற்றில் இது பெரிய சௌகரியம். ஆனால் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சேர்ந்து வரும்போது, பழைய நூலகக் குறியீடுகளில் சிப்புக்கு மின்சாரம் வாங்கும் விசிசி (VCC) என்ற ஊட்டமுனை மறைந்தே இருப்பதால், 3.3-க்கென்று வைத்த சிப்பும் 5-க்கென்று வைத்த சிப்பும் சத்தமில்லாமல் ஒரே விசிசியில் போய் ஒட்டிக்கொள்ளும், தாளில் ஒரு கோடுகூடத் தெரியாது. ஆகவே முனைகளை வெளியே காட்ட வேண்டும், ஊட்டுகணுவின் பெயரிலேயே வோல்ட் அளவு இருக்க வேண்டும். உதவிக் கோப்பில் இதைக் கண்டிப்பாக எழுதுவோம்.

சுற்றில் இணைப்புப் பிழைகளைத் தேடும் மின்விதிச் சோதனை (ERC) இதைப் பிடிக்காது. அதற்குப் பெயரில் உள்ள '5' வெறும் எழுத்து. ஊட்டம் ஏற்கும் முனைக்கு ஊட்டம் தரும் முனை ஒன்று இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி (74HC) வகைச் சிப்பின் உள்ளீடு உயர்நிலையை, அதாவது '1' என்பதை, உணர 3.5 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட் சிப்பால் அதைத் தர முடியாது, ஆனாலும் சோதனை பிழையின்றி முடியும். 2 வோல்ட்டே போதும் என்கிற 74எச்சிடி (74HCT) சிப்பையோ, மின்னழுத்த அளவை மாற்றித் தரும் மட்டமாற்றியையோ நாமாகத்தான் பார்த்து வைக்க வேண்டும்.

அதனால் சுற்றில் ஒரே ஊட்ட மின்னழுத்தத்தில் ஓடும் பகுதியான 'பவர் டொமைன்' என்பதற்கும் இப்போதே சொல் வேண்டும். புலம் வேண்டாம், மின்புலத்தோடு குழம்பும். ஊட்டெல்லை எப்படி? 'மட்டமாற்றி இரண்டு ஊட்டெல்லைகளுக்கு நடுவே வரும்' என்று எழுதிப் பார்த்தேன், இயல்பாக இருக்கிறது. அப்புறம், 'இந்தக் கணுவுக்கு ஊட்டம் உண்டு' என்று சோதனைக்குச் சொல்லும் பவர் ஃபிளாக்குக்கு ஊட்டுகொடி வேண்டாம், தொப்புள்கொடி மாதிரி ஒலிக்கிறது. ஊட்டச்சான்று என்றால் அதன் வேலையே பெயரில் வந்துவிடும்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் நெட்களின் பட்டியலான நெட்லிஸ்ட்டையும் கணுப்பட்டியல் என்றே மாற்றிவிடலாம்.